ஒரு கண் மட்டும் சில நிமிடம் இருண்டு தெளிந்தது. கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்கள். ஏன்?

கயல்விழி78:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், பல வருடம் புகை பிடித்தவர். இன்று காலை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் மேலிருந்து கீழே திரை இறங்கியது போல இருட்டிவிட்டதாம். வலி எதுவும் இல்லை. மூன்று நான்கு நிமிடத்தில் தானாகவே விலகி, பார்வை பழையபடி வந்துவிட்டது. இடது கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார், அப்போது ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்.

கண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டு, “கண்ணில் கோளாறு தெரியவில்லை, ஆனால் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கழுத்து ரத்தக்குழாயைப் பாருங்கள்” என்று கடிதம் கொடுத்தார். அப்பா வரமாட்டேன் என்கிறார். தம்பியும் “கண்புரையாகத்தான் இருக்கும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்கிறான். கண் இருண்டதற்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? யாராவது விளக்கினால் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

வைகறை:
முதலில் கிளம்புங்கள் அக்கா. போகிற வழியில் இதைப் படியுங்கள். நான் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன்.

தம்பி சொல்கிற கண்புரை இப்படி வராது. புரை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மங்கலாக்கும். சில நிமிடம் முழுசாக மூடிவிட்டுப் பிறகு சுத்தமாகத் தெளிய அதற்குத் தெரியாது.

இப்போது கழுத்துக்கு வருவோம். கழுத்தின் இரண்டு பக்கமும் கரோட்டிட் என்ற பெரிய தமனி மேலே போகிறது. தாடைக்குச் சற்றுக் கீழே, குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகும், உட்கிளை மண்டை ஓட்டுக்குள் நுழையும். உள்ளே போன உட்கிளையிலிருந்து பிரிகிற முதல் பெரிய கிளையே கண்ணுக்கான தமனி. விழித்திரைக்கு ரத்தம் கொடுப்பதும் பார்வை நரம்பின் தலைப்பகுதிக்குக் கொடுப்பதும் அதன் கிளைகள்தாம். ஆக, கண்ணும் மூளையின் அந்தப் பக்கமும் ஒரே குழாயில் சாப்பிடுகின்றன.

கழுத்தில் பிரிகிற அந்த இடத்தில் ரத்த ஓட்டம் சுழலும். கொழுப்புப் படிவு சேர அதுவே பிடித்த இடம். படிவின் மேல்தோல் கிழிந்தால் அதன் மேல் ரத்தம் உறையும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போகும். கண்ணுக்குப் போனால் திரை இறங்கும். துணுக்கு உடைந்து நகர்ந்துவிட்டால் திரை விலகும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம் என்று அந்த மருத்துவர் சந்தேகப்படுகிறார். கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்பது நிம்மதிப்பட வேண்டிய செய்தி அல்ல. துணுக்கு கண்ணை விட்டுப் போய்விட்டது, கிளம்பிய இடம் அப்படியே இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

தென்றல்_மரு:
வைகறை சொன்னது சரி. நரம்பியல் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இதன் பெயர் அமரோசிஸ் ஃப்யூகாக்ஸ். கை கால் சில நிமிடம் விழுந்து சரியாகிற தற்காலிகப் பக்கவாதத்துக்கு இது கண்ணில் நடக்கிற வடிவம். இதேபோல் இன்னொரு துணுக்கு அடுத்த முறை மூளைக்குப் போகலாம். அப்படிப்பட்ட எச்சரிக்கைக்குப் பின் வரும் பக்கவாதங்களில் பெரும்பங்கு முதல் சில நாட்களில், அதிலும் முதல் 48 மணி நேரத்தில் குவிகிறது. கண்ணில் மட்டும் வந்தவர்களுக்கு ஆபத்து, கை கால் விழுந்து எழுந்தவர்களை விடக் குறைவுதான். அதற்காக அடுத்த வாரம் வரை தள்ளிப்போடுகிற அளவுக்குக் குறைவு இல்லை. விழித்திரைக்கு ரத்தம் தடைப்பட்டு வருகிறவர்களுக்கு மூளை எம்.ஆர்.ஐ எடுத்தால், நால்வரில் ஒருவருக்கு அவரே அறியாமல் மூளையிலும் ரத்தம் கிடைக்காமல் புதிதாகச் சேதப் புள்ளி விழுந்திருப்பதைப் பார்க்கிறோம்.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: இடது கையோ இடது காலோ எப்போதாவது மரத்துப்போனதா, பேச்சு குழறியதா? வலது கழுத்துக் குழாய் என்றால் கண் வலதில் இருளும், கை கால் இடதில் விழும். கண் அந்தப் பக்கம், உடம்பு எதிர்ப்பக்கம். கரோட்டிட் அடைப்பின் இந்தக் குறுக்குக் கணக்கை நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1950களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். 1959-ல் அதே ஃபிஷர், பார்வை இருண்டிருந்த ஒருவரின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோதே வெண்ணிறத் துணுக்குகள் விழித்திரைத் தமனியில் ஊர்ந்து நகர்ந்ததைக் கண்டு பதிவு செய்தார். ஆக, இது ஊகம் இல்லை, கண்ணால் கண்ட சமாச்சாரம்.

ஆஸ்பத்திரியில் கழுத்து டாப்ளர் ஸ்கேன் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது), மூளைப் படம், இதயத் துடிப்புப் பதிவு, ரத்தச் சோதனை எல்லாம் பார்ப்பார்கள். துணுக்கு இதயத்திலிருந்தும் வரலாம் என்பதால் இதயத்தையும் விடமாட்டார்கள். வழியில் கை விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கண் இருண்டு திரும்பாமல் போனாலோ ஆம்புலன்ஸ்தான்.

இளவேனில்:
பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். எனக்கும் இப்படிப் பல முறை பார்வை மறைந்திருக்கிறது. மினுமினுவென்று வளைவு வளைவாக வந்து அரை மணி நேரத்தில் போய்விடும், பின்னாலேயே தலைவலி வரும். ஒற்றைத் தலைவலி என்று சொன்னார்கள். இது சாதாரணமாக இருக்கலாம் இல்லையா?

வைகறை:
சகோ, உங்களுடையதும் அப்பாவுடையதும் வேறு வேறு. ஒற்றைத் தலைவலியில் பெரும்பாலும் ஏதாவது கூடுதலாகத் தெரியும்: மினுமினுப்பு, வளைகோடு, நெளிவு. மெதுவாகப் பரவும், இருபது முப்பது நிமிடம் இருக்கும், ஒரு கண்ணை மூடினாலும் மற்றதிலும் தெரியும். கழுத்துக் குழாயால் வருவது இருக்கிற பார்வையைக் கழித்துவிடும். இருட்டு அல்லது சாம்பல் நிறம், நொடிகளில் வரும், சில நிமிடம், ஒரே கண்.

“ஒரே கண்ணா, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கமா” என்பதைத் தனித்தனியாக மூடிப் பார்த்தால்தான் தெரியும். வலது பக்கப் பார்வை போனால் நிறையப் பேர் வலது கண் போய்விட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டு கண்ணிலும் வலது பாதி மறைந்தால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். கயல்விழி அப்பா அந்தக் குழப்பத்திலும் இடது கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார் பாருங்கள், மருத்துவருக்கு அது பாதி வேலையைக் குறைத்துவிட்டது.

திரை இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கூடவே மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் மிதந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். அதுவும் அவசரம், ஆனால் போக வேண்டிய இடம் கண் ஆஸ்பத்திரி. அப்புறம் ஐம்பது வயது தாண்டியவருக்குப் பார்வை விட்டு விட்டு இருண்டு, மெல்லும்போது தாடை வலித்து, சீப்பு பட்டால் தலைத்தோல் நோகிறது என்றால் நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியை நினைக்க வேண்டும். அதற்கு ரத்தச் சோதனையும் உடனடி ஸ்டீராய்டும். தாமதித்தால் இரண்டு கண்ணும் போகும்.

கயல்விழி78:
நன்றி சொல்ல வார்த்தை இல்லை. உங்கள் பதிவுகளை அப்பாவிடமே படித்துக் காட்டினேன். இடது கை மரத்ததா என்று கேட்டபோதுதான், போன மாதம் ஒருநாள் டம்ளர் கைநழுவியதைச் சொன்னார். அதைக் கேட்டதும் தம்பியே வண்டியை எடுத்துவிட்டான்.

சேர்த்துவிட்டார்கள். டாப்ளரில் வலது பக்கம் எண்பது சதவீதச் சுருக்கம், இடது பக்கம் நாற்பதுக்குள். ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் அதையே காட்டியது. மூளைப் படத்தில் சின்னதாக ஒரு பழைய புள்ளி. இத்தனைக்கும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தபோது எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றார் மருத்துவர். ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினும் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆபரேஷன் பற்றிப் பேச நாளை அழைத்திருக்கிறார்கள். மாத்திரையிலேயே அடைப்பு கரையாதா? குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தால் போதாதா?

தென்றல்_மரு:
கூட்டிப்போனது நல்லது. கழுத்தில் சத்தம் இல்லாதது பற்றி: குழாய் ஓரளவு சுருங்கியிருந்தால் ரத்தம் இரைந்துகொண்டு போகும், மிக அதிகமாகச் சுருங்கினால் ஓட்டமே மெலிந்து சத்தம் அடங்கிவிடும். அதனால் சத்தம் இல்லை என்பதை வைத்து அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

மாத்திரை படிவைக் கரைத்துக் குழாயைத் திறந்துவிடாது. ஸ்டாடின் படிவை உறுதியாக்கும், கிழியவிடாது. ஆஸ்பிரின் அதன் மேல் உறைவு சேராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஆயுளுக்கும் தேவை, ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

குழாயைத் திறந்து படிவை எடுக்கும் இந்த ஆபரேஷன் யாருக்கு என்பதில் தெளிவு வந்தது 1991-ல். வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், அறிகுறி காட்டிய, 70 முதல் 99 சதவீதம் சுருங்கிய குழாய் உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு ஆண்டில் நூற்றுக்கு 26 பேருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் 9 பேருக்கு. அன்றைய மருந்துகள் இன்றைய அளவு வலுவானவை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள், ஆனாலும் இடைவெளி பெரியது. சுருக்கம் 50 முதல் 69 சதவீதம் வரை உள்ளவர்களுக்குப் பலன் குறைவு, ஆளைப் பார்த்து முடிவெடுப்போம். ஐம்பதுக்குக் கீழே ஆபரேஷனால் பலன் இல்லை. முழுக்க நூறு சதவீதம் மூடிவிட்டால் பொதுவாகத் தொடமாட்டோம், அங்கிருந்து துணுக்கு கிளம்ப ஓட்டமே இல்லை.

உங்கள் அப்பாவின் வலது குழாய் எண்பது, அறிகுறி காட்டிவிட்டது. செய்வதென்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது, அதன்பின் பலன் தேய்ந்துகொண்டே போகும். இடது பக்கத்துக்கு மருந்து போதும்.

ஸ்டென்ட்டா ஆபரேஷனா என்றால், எழுபதை நெருங்கியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் ஸ்டென்ட் வைக்கும்போதே துணுக்கு கிளம்பிப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆபரேஷனில் மாரடைப்பு வாய்ப்பு சற்று அதிகம். கழுத்தில் முன்பே கதிர்வீச்சு கொடுத்தவர்கள், இதயம் மிகப் பலவீனமானவர்கள், படிவு எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஸ்டென்ட் பொருந்தும். நாளை போகும்போது ஒன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இங்கே இந்த ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது?” அறிகுறி காட்டியவர்களுக்கு அது நூற்றுக்கு ஆறுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. நல்ல இடத்தில் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

மலைத்தேன்:
கயல்விழி, நான் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவன், இடது பக்கம். எனக்கும் கண்ணில்தான் ஆரம்பித்தது.

எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை, கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். வலது கையில் அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். குழாயைக் கிளிப் போட்டு மூடியதும் மயக்க மருத்துவர் “அழுத்துங்க ஐயா, அழுத்துங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கீச்சிட்டால் மூளைக்கு ரத்தம் போதுமாகப் போகிறது. சத்தம் நின்றால் உடனே தற்காலிகக் குழாய் ஒன்றை உள்ளே சொருகுவார்கள். எனக்குச் சொருக வேண்டி வரவில்லை. எல்லா இடத்திலும் இப்படிச் செய்வதில்லை, முழு மயக்கத்திலும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு பாதுகாப்புத்தான் என்று எனக்குச் சொன்னார்கள்.

எடுத்த படிவை ஒரு கிண்ணத்தில் காட்டினார்கள். மஞ்சளாக, மெழுகு போல, ஒரு ஓரத்தில் கறுப்பாக ரத்தக்கட்டி ஒட்டியிருந்தது. அந்தக் கறுப்புத்தான் கண்ணுக்குப் போனது என்றார் மருத்துவர்.

பிறகு காது மடலும் தாடை ஓரமும் மாதக் கணக்கில் மரத்திருந்தன. சவரம் செய்யும்போது பார்த்துச் செய்யச் சொல்லுங்கள், வெட்டினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்தபின் ஆபரேஷன் பக்கம் கடுமையான தலைவலி வந்தால் அலட்சியம் வேண்டாம். நெடுநாள் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென அதிகம் போவதால் அப்படி வரலாமாம். ரத்த அழுத்தத்தை அந்த வாரங்களில் கண்ணும் கருத்துமாகப் பார்க்கச் சொன்னார்கள்.

பொன்னி:
இதே விஷயம், ஆனால் என் அம்மாவுக்குத் திரை எதுவும் இறங்கவில்லை. இடது கண் சில மாதங்களாக மெதுவாக மங்கிக்கொண்டு வந்தது. வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தால் அந்தக் கண் தெளிய வெகுநேரம் ஆகும். புருவத்துக்கு மேலே ஓயாத மந்த வலி, படுத்தால் குறையும். சர்க்கரை இருப்பதால் சர்க்கரைக் கண் நோய் என்றே சிகிச்சை போனது. புதிதாகப் பார்த்தவர் கழுத்து டாப்ளர் எடுக்கச் சொன்னார், இடது பக்கம் தொண்ணூற்றைந்து சதவீதம். இது வேறு வகையா?

வைகறை:
ஆமாம் அக்கா, வேறு வகை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைத்திருந்தேன், ஏனென்றால் இதுதான் கண் வார்டிலேயே நழுவிப்போகிறது.

கயல்விழி அப்பாவுக்கு வந்தது துணுக்கு. உங்கள் அம்மாவுக்கு வந்தது பட்டினி. குழாய் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் விழித்திரைத் தமனியில் ரத்த அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கண் முழுவதும் மாதக் கணக்கில் குறைந்த ரத்தத்தில் காலம் தள்ளும். விழித்திரையில் நடக்கும் மாற்றத்தை மேயோ கிளினிக்கின் கியர்ன்ஸும் ஹாலன்ஹார்ஸ்டும் 1963-ல் விவரித்தார்கள். இன்று கண் ரத்தக்குறை நோய்த்தொகுதி என்கிறோம். அறுபதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம், ஐந்தில் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும். குழாய் அவ்வளவு சுருங்கிய எல்லோருக்கும் இது வருவதில்லை. மூளையின் அடிப்பக்க ரத்தக்குழாய் வளையம் வழியாகவும் முகத் தமனிகள் வழியாகவும் மாற்றுப் பாதை நன்றாகத் திறந்தவர்கள் தப்பிவிடுகிறார்கள். சிலருக்கு அந்த மாற்றுப் பாதையே கண்ணுக்கு வினையாகும்: முகத்திலிருந்து கண் தமனிக்குள் தலைகீழாக ஓடும் ரத்தம், கண்ணைத் தாண்டி மூளைக்குப் போய்விடும்.

அம்மா சொன்ன வெயில் விஷயம் முக்கியமான தடயம். பளிச்சென்ற ஒளியில் வெளுத்த விழித்திரை நிறமிகளைத் திரும்ப உண்டாக்க ரத்தம் வேண்டும், அது இல்லை. சர்க்கரைக் கண் நோய் பெரும்பாலும் இரு கண்ணிலும் ஓரளவு சமமாக வரும். ஒரு கண் மட்டும் மோசமாக இருந்தால் அந்தப் பக்கக் கழுத்தைப் பார்க்க வேண்டும், இது எங்கள் பாடத்திலேயே அடிக்கோடிட்ட வரி. ரத்தப் புள்ளிகள் இருக்கும் இடமும் வேறு: சர்க்கரையில் பார்வை மையத்தைச் சுற்றி நிறைய, கூடவே மஞ்சள் கொழுப்புத் திட்டுகள். இதில் நடுவிலிருந்து விலகி இடைவட்டத்தில் இருக்கும், மஞ்சள் திட்டு பொதுவாக இருக்காது. சிரைகள் தடிக்கும், ஆனால் முறுக்கிக்கொள்ளாது.

அடுத்த ஆபத்து, பசித்த கண் ஐரிஸ் என்ற நிறப்படலத்தின் மேல் புதிதாக மெல்லிய ரத்தக்குழாய்களை வளர்க்கும். கண்ணுக்குள் சுரக்கும் உள்நீர் (கண்ணீர் வேறு, இது வேறு) வெளியேறும் மூலையை அவை அடைத்துவிடும். கண்ணழுத்தம் ஏற வேண்டும். ஆனால் ரத்தம் குறைவாக இருப்பதால் உள்நீர் சுரப்பதும் குறைவு, அதனால் அழுத்தம் அளந்தால் சாதாரணமாகவே காட்டும். கழுத்தைத் திறந்து ரத்தம் திரும்பியதும் சுரப்பு கூடி, அடைத்த மூலையால் வெளியேற முடியாமல் அழுத்தம் திடீரென எகிறலாம். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கண் மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்பது இதனால்தான். கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன்பே ஐரிஸைப் பார்க்கச் சொல்லுங்கள், விரித்தபின் அந்தக் குழாய்கள் மடிப்பில் மறைந்துவிடும். குழாய்கள் வந்திருந்தால் விழித்திரைக்கு லேசர், கண்ணுக்குள் ஊசி என்று சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த நோய் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த பழைய ஆய்வில் ஐந்து ஆண்டில் நூற்றுக்கு நாற்பது பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் மாரடைப்பில். அப்போது ஸ்டாடின் இப்படிப் பரவலாக இல்லை. அம்மாவின் இதயத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

எழில்:
இதையெல்லாம் படித்தபிறகு, ஐம்பது தாண்டிய எல்லோரும் வருடம் ஒருமுறை கழுத்து டாப்ளர் எடுப்பது நல்லதுதானே? முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

தென்றல்_மரு:
அறிகுறி இல்லாதவர்கள் வேண்டாம். அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2014-லும் 2021-லும் அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. காரணம், பொதுமக்களில் பெரிய சுருக்கம் உள்ளவர்கள் குறைவு, தவறாக இருக்கிறது என்று காட்டுவது அதிகம், அதன் பின்னால் போகும் ஆபரேஷனிலேயே பக்கவாதம் வரலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை ஆகியவற்றைப் பார்ப்பதே அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் உரிய வேலை. கண் பரிசோதனையில் விழித்திரைத் தமனியில் மினுங்கும் மஞ்சள் கொழுப்புத் துணுக்கு தற்செயலாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். ஹாலன்ஹார்ஸ்ட் 1961-ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறோம். பார்வை நன்றாக இருந்தாலும் அவர்களைப் பரிசோதிக்க வேண்டும்.

இளவேனில்:
கழுத்தை நன்றாக உருவிவிட்டால் அடைப்பு விலகும் என்று ஒரு காணொளி பார்த்தேன். உண்மையா?

தென்றல்_மரு:
செய்யவே செய்யாதீர்கள். படிவு இருக்கிற கழுத்தை அழுத்தினால் துணுக்கு கிளம்பும், நாடித் துடிப்பும் திடீரென இறங்கும். கழுத்தைச் சடாரென முறுக்கி நெட்டி எடுப்பதும் ஆபத்து. இளவயதினருக்கு அதனால் குழாயின் உட்சுவர் கிழிவதுண்டு. ஒரு பக்கக் கழுத்து வலியோடு அதே பக்க இமை தாழ்ந்து, கண்ணின் பாப்பா சிறுத்திருந்தால், வயது முப்பதாக இருந்தாலும் அன்றே அவசரப் பிரிவு.

கயல்விழி78:
மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். தென்றல் ஐயா சொன்ன கேள்வியைத் தம்பியே கேட்டான். மருத்துவர் கோபப்படாமல் அவர்கள் கணக்கைக் காட்டினார், ஆறுக்கு நன்றாகக் கீழே. வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அப்பா சிகரெட் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அதுவரை மறுபடி கண் இருண்டால், கண் மருத்துவரிடம் போவதா, ஆபரேஷன் செய்யும் இடத்துக்கா?

வைகறை:
ஆபரேஷன் செய்யும் இடத்தின் அவசரப் பிரிவுக்கு. அது தெளிந்தாலும் சரி, தெளியாவிட்டாலும் சரி. தெளியவில்லை என்றால் விழித்திரைக்கு இரண்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை, குரங்குகளில் செய்த சோதனைகளில் நூறு நிமிடத்தை ஒட்டியே நிரந்தரச் சேதம் தொடங்கியது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆஸ்பிரினை யாராவது நிறுத்தச் சொன்னால், ஆபரேஷன் செய்பவரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.